அம்பாசடர் கதவு அடியில் துரு: வீட்டிலேயே வெட்டி, தகடு போட்டு, திரும்ப வராமல் மூடும் முழு வழிமுறை

கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தால், அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் இன்னும் தகடு இருக்கிறது. நறநறவென்று உள்வாங்கினால் அங்கே இரும்பு மிச்சமில்லை. பெயிண்ட்டும், பள்ளம் நிரப்பப் பூசிய பழைய பட்டியும்தான் கதவு என்ற பெயரில் நின்றுகொண்டிருக்கின்றன.

இந்த நிலையில் உள்ள வண்டியைப் பல இடங்களில் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் அதே இடத்தில், முன்பைவிட அகலமாகக் கொப்பளம் வரும். பட்டியின் தரத்தில் குற்றமில்லை. துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை, உள்ளேயிருந்து வெளியே வருகிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். அந்தப் பருமன்தான் பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. நாம் கொப்பளத்தைப் பார்க்கும் நாளில் உள்பக்கம் வேலை முடிந்திருக்கும்.

தண்ணீர் உள்ளே போகும் வழி எளியது. ஜன்னல் கண்ணாடியில் விழும் மழைநீர், கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் கதவுக்குள் இறங்கும். புது வண்டியிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடியில் துளைகள் உண்டு. புழுதி, இலைச்சருகு, உதிர்ந்த ரப்பர் எல்லாம் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், கதவு ஒரு தொட்டி. கடற்கரை ஊர் என்றால் புழுதியிலேயே உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வெயில் நாளிலும் அந்த மண் முழுதாகக் காயாது.

இங்கே எடுத்துக்கொள்வது அம்பாசடர். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி. பிரீமியர் பத்மினிக்கும் இதே முறைதான். இரண்டிலும் தனிச் சேஸி கிடையாது, பாடியே எலும்புக்கூடு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு வகை. அதில் பாடி தனி, சேஸி தனி. அங்கே பாடியைத் தொடுமுன் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்

ஒரு சின்னக் காந்தம், ஒரு மழுங்கிய திருப்புளி, ஒரு டார்ச். இவ்வளவு போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது சொத்தென்று கேட்கும். பிறகு இரவில் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். பெயிண்ட்டின் கீழ் ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தால், அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு மெலிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: நான்கு கதவுகளின் அடி, முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்மூலை, ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி, சக்கர வளைவு விளிம்பு, காலடி மிதிக்கும் தரை, கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டிப் பகுதி, டிக்கித் தரை. தரையில் விரிப்பைத் தூக்காமல் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. ஈரம் அந்த விரிப்புக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்போது ஒரு கோடு போட வேண்டும். கதவின் வெளித் தகடு, மட்கார்டு, டிக்கி மூடி, தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை ஆகியவற்றை வீட்டில் செய்யலாம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் பகுதி ஆகியவை வண்டியின் முதுகெலும்பு. அங்கே பழகிய கை இல்லாமல் வெட்டினால் கதவு மூடாமல் போகும், அதைவிட மோசமாக விபத்தில் பாடி மடியும். அந்த இடங்களில் பட்டியோ பைபர் துணியோ போடுவது ஏமாற்று வேலை. யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேண்டிய சாமான்

அளவெல்லாம் ஒரு கதவின் அடிப்பகுதியை 8 செ.மீ. உயரத்துக்கு மாற்றுவதற்கு.

தகடு: 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மி.மீ., 1 அடிக்கு 4 அடி ஒரு துண்டு. வாங்குமுன் உங்கள் கதவின் நல்ல பகுதியில் பெயிண்ட்டை எடுத்துவிட்டு வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். வெளித் தகடு பெரும்பாலும் 20 கேஜ், தரை 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. கடைக்காரர் ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் எரிந்து வெள்ளைப் புகையாகும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரலாம். வெல்டிங்கும் சல்லடைக் கண்ணாக வரும்.

கருவி: 4 அங்குல கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் 4, 60 மற்றும் 80 நம்பர் பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய தேய்ப்பு டிஸ்க்) தலா 2, கம்பி பிரஷ் கப் 1, தகடு வெட்டும் கத்தரி, சுத்தியல், தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி, 6 பிடிப்பு பிளையர்கள், இரண்டடி நீள ஆங்கிள் இரும்பு 2. டாலி கிடைக்காவிட்டால் வழவழப்பாகத் தேய்த்த கனமான இரும்புத் துண்டு எதுவும் சரி. சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய கதவு, மட்கார்டு தேட புதுப்பேட்டை, புது ரப்பர் பீடிங் வாங்க ஜி.பி. ரோடு. பழைய கதவு கிடைத்தால் அதன் அடியையும் மேலே சொன்னபடி சோதித்து வாங்குங்கள். உங்களுடையதைவிட மோசமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பூச்சு: இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் 250 மி.லி., பாலியெஸ்டர் பட்டி 200 கிராம், தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் 1 டியூப், துத்தநாக வெல்டிங் பிரைமர் ஸ்பிரே 1, பெட்டிப் பகுதிக்குள் அடிக்கும் கேவிட்டி மெழுகு 200 மி.லி.

வெல்டிங்: இதற்கு, கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் மெஷின்தான் சரி. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி, 80 பங்கு ஆர்கான், 20 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு, நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் ஒட்டும், ஆனால் சூடும் தெறிப்பும் அதிகம். ராடு வெல்டிங்கில் 20 கேஜ் தகட்டைத் தொட்டால் ஓட்டைதான் விழும். கேஸ் வெல்டிங்கில் பழுத்த டிங்கர் அழகாகச் செய்வார், ஆனால் சூடு அகலமாகப் பரவுவதால் புதிதாகப் பழகுபவர் கையில் கதவு அப்பளமாக நெளிந்துவிடும். வாயு இல்லாமல் பிளக்ஸ் கம்பி (உள்ளே மருந்துப் பொடி அடைத்த கம்பி) போடும் மெஷின் என்றால் பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பை மாற்ற மறக்காதீர்கள்: வாயுவோடு ஓடும் கம்பிக்கு வெல்டிங் டார்ச் பாசிட்டிவ், பிளக்ஸ் கம்பிக்கு வெல்டிங் டார்ச் நெகட்டிவ். கம்பி உதறுகிறது, ஒட்டவே இல்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மெஷினே இல்லையா? கவலை வேண்டாம். வெட்டுவது, தகடு வளைப்பது, பொருத்திப் பிடிப்பது, கடைசிப் பூச்சு எல்லாம் வீட்டில் செய்துவிட்டு, வெல்டிங்குக்கு மட்டும் கதவைத் தனியாக ஆட்டோவில் ஏற்றி பக்கத்து வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகலாம். நேரத்தில் முக்கால்வாசி பிடிப்பது வெல்டிங் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைதான்.

தொடங்குமுன்

கிரைண்டரின் கவசத்தைக் கழற்றாதீர்கள். 1 மி.மீ. டிஸ்க் வளைவாக வெட்டும்போது உடைந்து பறக்கும். கண்ணாடியும் முகக் கவசமும் இரண்டுமே வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகப் பொடியாக்காமல் முடிந்தவரை சுரண்டி எடுங்கள், நல்ல தூசி முகமூடி போடுங்கள், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் செய்யாதீர்கள். வண்டியிலேயே வெல்டிங் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றுங்கள். டிக்கிப் பக்கம் என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் வெடிப்பது ஆவிதான். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த தகட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு கிளம்பும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஈரச்சாக்கு, முடிந்தால் தீயணைப்பான். கதவுக்குள் இருக்கும் பழைய தார் அட்டை மெதுவாகக் கனன்று, அரை மணி கழித்துப் பற்றிக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்ததும் உடனே வீட்டுக்குள் போய்விடாதீர்கள்.

பாடியில் சேஸி எண் பொறித்த இடத்தையும் எண் தகட்டையும் தேய்க்கவோ வெட்டவோ கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்தியாக வேண்டும். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் பிரிவில் பதிய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பாடி பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே புது வளைவு, புது ஓட்டை என்று சொந்தக் கற்பனை வேண்டாம். நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

கதவைக் கழற்றுவது

கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஊசியால் கோடு கீறிவைத்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிட்டவர்கள் திரும்ப மாட்டும்போது அரைநாள் இடைவெளி சரிசெய்கிறார்கள். இருவர் சேர்ந்து இறக்குங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, பூட்டு, அட்டை எல்லாம் கழற்றி, போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனி கவர்களில் போடுங்கள். கண்ணாடியையும் வெளியே எடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் கரும்புள்ளியாக உருகிப் பதியும், பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது.

கீல், சின்ன பிராக்கெட் போன்ற துருப்பிடித்த சாமான்களை இந்த இடைவெளியில் ஊறப்போடலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), ஒரு இரவு. காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சலவை சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறம் படியும்.

வெட்டுக்கோடு

கம்பி பிரஷ்ஷால் கதவின் கீழ் 15 செ.மீ. பகுதியை இரும்பு வரை சுத்தம் செய்தால்தான் உண்மை தெரியும். கரும்புள்ளிகள், குழிகள், ஊசித்துளைகள் எல்லாம் முடிந்து தகடு வழவழவென்று வெள்ளியாக மின்னும் இடத்திலிருந்து இன்னும் 2 முதல் 3 செ.மீ. மேலே கோடு போடுங்கள். மனம் கேட்காது, குறைவாக வெட்டத்தான் தோன்றும். ஆனால் மெலிந்த தகட்டின் மேல் வைத்த வெல்டிங் அதை உருக்கித் தின்றுகொண்டே போகும், நீங்களும் மேலே மேலே துரத்திக்கொண்டே போவீர்கள்.

கோடு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். தட்டையான பரப்பின் நடுவில் விழுந்தால் சூட்டில் நெளியும். பாடியில் மடிப்போ வளைவோ ஓடும் இடத்துக்கு அருகில், அல்லது முடிந்தவரை கீழே வைத்தால் அந்த வளைவே தகட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். துண்டு போடும் வேலை என்றால் மூலைகளைக் கூராக வெட்டாமல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைத்து வரையுங்கள். கூர் மூலையில்தான் சூடு குவிந்து விரிசல் தொடங்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு அட்டையை வெளி வளைவோடு ஒட்டவைத்துக் கத்தரித்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று இடங்களில்: இரு ஓரம், நடு. வெட்டிய பிறகு பழைய வடிவம் எதுவென்று சொல்ல அந்த அட்டை மட்டும்தான் மிஞ்சும்.

மடிப்பைப் பிரிப்பது

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கதவின் வெளித் தகடு, உள் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி சப்பாத்தி ஓரம் மாதிரி மடித்து அழுத்தப்பட்டிருக்கும். அதை நெம்பிப் பிரிக்க முயன்றால் உள் சட்டம் கோணிவிடும். நெம்பாதீர்கள். 80 நம்பர் பிளாப் டிஸ்க்கை மடிப்பின் விளிம்போரமாக மட்டும் ஓட்டுங்கள். சில நொடிகளில் மடிப்பின் முதுகு தேய்ந்து, ஒரே தகடாகத் தெரிந்தது இரண்டு கோடுகளாகப் பிரிந்து தெரியும். நடுவே ஒரு மெல்லிய கருங்கோடு இருக்கும், அது துரு. அந்தக் கோடு முழு நீளத்துக்கும் தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது மேலே குறித்த கோட்டில் கட்டிங் டிஸ்க்கால் வெளித் தகட்டை மட்டும் வெட்டினால் பட்டையாகக் கழன்று வரும். உள்ளே மடிந்திருந்த சன்னப் பட்டையைத் தட்டையான உளியால் எடுங்கள். டிஸ்க்கை ஆழமாக இறக்கினால் உள் சட்டத்தையும் வெட்டிவிடும், கவனம்.

உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி செம்மண் போன்ற துரு கொட்டும். உள் சட்டத்தின் விளிம்பும் அரித்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். 18 கேஜில் எல் வடிவில் ஒரு பட்டை வளைத்து வைக்கலாம். சட்டம் நேராக இல்லாமல் வெளித் தகடு ஒருநாளும் நேராக உட்காராது.

மிச்சத் தகட்டில் குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம். 85 சதவீத அமிலம் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கையுறை போட்டு, பிரஷ்ஷால் தடவி, 15 முதல் 20 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, தண்ணீரில் நன்றாக அலசிக் காயவையுங்கள். மடிப்புக்குள்ளோ இரண்டு தகடு சேரும் இடுக்கிலோ இதை விடாதீர்கள். அங்கே தங்கிய அமிலத்தை அலசி எடுக்க முடியாது, மேலே போடும் எபாக்ஸியும் இறுகாது.

புதுப் பட்டை

உயரம் 8 செ.மீ. என்றால் மடிப்புக்கு 11 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். மடிப்புக் கோட்டை இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, மரக்கட்டையை இடையில் வைத்து முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி 90 பாகை வளையுங்கள். ஒரே இடத்தில் அடித்து முடிக்கப் பார்த்தால் விளிம்பு அலை அலையாகும். கதவு வளைவுக்குத் தக்கபடி பட்டையை ஒரு பெரிய குழாயின் மேல் வைத்துக் கையாலேயே அழுத்தி வளைத்து, அட்டை அச்சோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள்.

பொருத்திப் பார்க்கும்போது மேல் விளிம்பும் கதவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் தகட்டுப் பருமன் அளவு, 0.6 முதல் 1 மி.மீ. வரை, இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் சூட்டில் விரியும் தகடு போக இடமில்லாமல் புடைக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைப்பது எளிது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். வெளித் தகட்டில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு தகட்டுக்கு நடுவே சேரும் ஈரம், நீங்கள் இன்று வெட்டி எறிந்த அதே துருவை அங்கே மறுபடி வளர்க்கும்.

மடிப்பின் உள்பக்கமும் உள் சட்டத்தின் விளிம்பிலும் துத்தநாக வெல்டிங் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். வெல்டிங் விழும் கோட்டைச் சுற்றி ஒரு அங்குலம் மட்டும் இருபக்கமும் வெறும் இரும்பாக இருக்கட்டும்.

புள்ளி வைப்பது

முதலில் மிச்சத் தகட்டுத் துண்டுகளில் பழகி மெஷினை அமையுங்கள். 0.9 மி.மீ. தகட்டுக்கு 35 முதல் 50 ஆம்பியர் போதும். சரியான அமைப்பில் சத்தம் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல் சீராகக் கேட்கும். வெல்டிங் புள்ளியின் பின்பக்கம் சின்னக் குமிழ் தெரிய வேண்டும். பின்பக்கம் ஒன்றும் தெரியாவிட்டால் மேலோடு ஒட்டியிருக்கிறது, தேய்த்ததும் பிரிந்துவிடும்.

நடுவில் ஒரு புள்ளி. பிறகு இரு ஓரங்களில். பிறகு ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று என்று 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வரும்வரை. அதன்பின் அவற்றுக்கு நடுவே, மாறி மாறி வேறு வேறு மூலையில். ஒரு புள்ளி வைத்த இடத்தில் வெறுங்கை வைக்கும் சூடாக ஆறிய பிறகுதான் அதன் பக்கத்தில் அடுத்தது. ஓட்டையாகப் போகும் இடத்தில் பின்னால் ஒரு தடித்த செம்புத் துண்டை அழுத்திப் பிடியுங்கள். செம்பில் வெல்டிங் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஈரத்துணி போட்டுச் சட்டென்று குளிர வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அனுபவம் இல்லாதவர் தொட வேண்டாம், பொறுத்திருப்பதே மேல்.

தகடு ஏன் நெளிகிறது? உருகிய கோடு ஆறும்போது சுருங்கி, இரு பக்கத் தகட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. சுருங்கியதை நீட்டுவதுதான் மருந்து. நான்கைந்து புள்ளி வைத்ததும் அவற்றை இருபுறமும் ஏறக்குறைய சமமாகத் தேய்த்து, பின்னால் டாலியை வைத்து, புள்ளியின் மேல் மட்டும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அடி டாலியின் மேல் நேராக விழுந்தால் 'டிங்' என்று கேட்கும், தவறினால் 'டப்'. 'டிங்' அடிகள்தான் தகட்டை நீட்டும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நீளவாக்கில் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

கோடு முழுதும் நிறைந்ததும் தேய்ப்பு. பிளாப் டிஸ்க் வெல்டிங் மேட்டின் மேல் மட்டும் படட்டும். பக்கத்துத் தகட்டில் பட்டால் அது காகிதமாக மெலியும், நீல நிறம் படரும். நீலம் கண்டால் சூடு மிஞ்சிவிட்டது, கையை எடுத்துவிடுங்கள். தேய்த்த பின் இருட்டில் பின்னால் டார்ச் வைத்து ஊசித்துளை பாருங்கள். ஒரு ஊசித்துளையைக்கூடப் பட்டியால் அடைக்காதீர்கள். அந்தத் துளை வழியே உள்பக்க ஈரம் நேராகப் பட்டிக்குள் போகும்.

கடைசியாக மடிப்பை மூடுவது. டாலிக்கு மேல் பழைய துணியைச் சுற்றி வெளிப்பக்கம் தாங்கிக்கொண்டு, 90 பாகையில் நிற்கும் விளிம்பை முதல் சுற்றில் பாதி, இரண்டாம் சுற்றில் முழுதாக மடியுங்கள். அதற்கு முன் கதவை வண்டியில் மாட்டி இடைவெளி பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய வடிகால் துளைகள் இருந்த இடத்தில் 8 மி.மீ. துளை மூன்று போட்டு, பிசிறை அரத்தால் வழிக்கவும்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

முன் மட்கார்டு போல்ட்டில் கழன்று வரும், அதனால் மேசையில் வைத்தே செய்யலாம். போல்ட் முறியாமல் வர இரண்டு நாள் முன்பே துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மட்கார்டும் பாடியும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை வைக்காவிட்டால் சேறு அங்கேயே தங்கும். தரை ஓட்டைக்கு 18 கேஜில் 20 மி.மீ. ஏற்றிவைக்கும் துண்டு பரவாயில்லை, தோற்றம் முக்கியமில்லாத இடம். ஆனால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் சீம் சீலர் கட்டாயம். துண்டில் பழையபடி வரப்பு மடிப்பு கொடுத்தால்தான் மிதித்தால் 'டொக்' என்று அமுங்காது. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியை யாரிடம் கொடுத்தாலும், வெட்டுவதற்கு முன் கதவு வாயில் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வண்டி சக்கரத்தின் மேல் சம தரையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து கதவு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகலும்.

பிரைமர், பட்டி

வெறும் இரும்பின் மேல் முதலில் எபாக்ஸி, அதன் மேல் பட்டி. வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது: வெறும் தகட்டில் பட்டி, மேலே ரெட் ஆக்சைடு. ரெட் ஆக்சைடு மட்டும் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, நாள்பட ஈரம் ஊறி உள்ளே போகும். எபாக்ஸி போகவிடாது. தகட்டை 80 நம்பரில் கீறி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புதான். டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, சொன்ன நேரம் காத்திருந்து, இரண்டு கோட். உள்பக்கத்துக்கும் பிரஷ்ஷால் இரண்டு கோட், அதுதான் வெளிப்பக்கத்தைவிட முக்கியம்.

பட்டி 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 2 கிராம். சித்திரை வெயிலில் அந்த அளவே மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும், ஆகவே எலுமிச்சை அளவு மட்டும் கலந்து பூசுங்கள். ஹார்ட்னரை அள்ளிக் கொட்டினால் மிச்சமான நிறம் பின்னாளில் பெயிண்ட் வழியே கறையாகத் தெரியும். கனம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டியிருந்தால் சுத்தியல் வேலை முடியவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய்த் தட்டுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை மெதுவாகத்தான் விடும். அதன் மேல் பெயிண்ட் மூடினால் சில மாதத்தில் சின்னச் சின்னக் கொப்பளங்கள். பட்டியை உலர்வாக 80, 180, 320 என்று நீளக்கட்டையில் சுற்றித் தேய்த்து, மேலே பிரைமர் போட்ட பிறகே 600-ல் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம்.

காலநிலையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் பிரைமர் அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் விடிகாலையில் தகடு வியர்த்திருக்கும். காலை 10 மணிக்குப் பிறகு, தகடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது தொடங்கி 4 மணிக்குள் முடியுங்கள். இன்று இரும்பாக்கிய பகுதிக்கு இன்றே எபாக்ஸி. நாளை என்று வைத்தால் நாளை மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.

கடைசி நிறத்தை வீட்டில் ஸ்பிரே செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டு பாக பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதற்குப் போதாது, ஒரு தடவை நுரையீரலில் ஒவ்வாமை ஏறிவிட்டால் ஆஸ்துமா போல வாழ்நாள் முழுதும் தொடரலாம். பிரைமர் வரை வந்த கதவைப் பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே மெழுகு

பெயிண்ட் ஆறி ஒரு வாரம் கழித்து, வடிகால் துளை வழியாகவும் மேலிருந்தும் வளைகுழாய் விட்டுக் கேவிட்டி மெழுகு அடியுங்கள். மடிப்புக்குள் அது ஊர்ந்து போகும். மடிப்பு விளிம்பில் சீம் சீலர் ஓடியிருக்க வேண்டும், துளைகளின் மேல் ஓடியிருக்கக் கூடாது. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பழைய கால வழக்கம். ரப்பர் உப்பும், சொட்டு விழுந்து தரை நாறும், பின்னாளில் அந்தக் கதவில் பெயிண்ட் ஒட்டாது. அடியில் தார் பூசுவதும் இப்படித்தான்: வெடித்த தாருக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், மேலே கறுப்பாகவும் கீழே துருவாகவும் இருக்கும். பூசியே ஆக வேண்டும் என்றால் எபாக்ஸி போட்ட சுத்தமான தகட்டின் மேல் மட்டும்.

புது ரப்பர் பீடிங் போட்டு, கதவு அட்டைக்குப் பின்னால் பாலித்தீன் தாளை ஒட்டுங்கள். தாளின் கீழ் விளிம்பு கதவுக்குள் மடிந்து இறங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் அட்டையில் படாமல் உள்ளே விழும். மாட்டியதும் கண்ணாடியை ஏற்றி, அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே மூன்று துளையிலும் தண்ணீர் சொட்ட வேண்டும். ஏதாவது ஒன்றில் சொட்டவில்லை என்றால் மெழுகு அடைத்திருக்கும், ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், இதே சொம்புச் சோதனையை நான்கு கதவுக்கும் செய்யுங்கள்.